சுவருக்குப் பின்னால் உன் அப்பா

தம்பி,

கடிதம் என்றால் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரிக்கவும் மனசு இல்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் எலும்புகளை மண்ணிலிருந்து எடுத்து, நீ கட்டி வைத்திருக்கிற கறுப்புக் கிரானைட் கல்லறைக்குள் மாற்ற நான் சம்மதிக்கமாட்டேன். கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் போனிலும் இதைத்தான் சொன்னேன். நீ பாதியில், "மீட்டிங் இருக்குதும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இதன் நகல் ஒன்றை நம் தெருப் பிள்ளைகள் நடத்துகிற சின்னப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். அதில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. ஆனாலும் பழைய கடலூரில் யாருக்கும் புரியாமல் போகாது. புரியட்டும், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

எப்போதும் போல அன்றைக்குக் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். மடியில் சாமந்திப் பூ, மெழுகுவத்திக் கட்டு, பைக்குள் நாலைந்து கொட்டாங்குச்சி. உப்பனாற்றுக் காற்றில் மெழுகுவத்தி சும்மா நிற்காது, கொட்டாங்குச்சிக்குள் வைத்தால்தான் எரியும். ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலை மூடினார்கள். கெமிக்கல் கம்பெனிகளின் வாடை. எனக்கு அந்த வாடை வந்தால் உன் அப்பாவின் சட்டைதான் ஞாபகத்துக்கு வரும். சாயம் செய்கிற கம்பெனியில் காண்டிராக்ட் ஆளாக மூட்டை தூக்கினவர். ஒரு வாரம் மஞ்சளாக வீட்டுக்கு வருவார், ஒரு வாரம் நீலமாக வருவார். "கலர் டிவி வந்துடுச்சு பாரு" என்று தெருவில் கேலி செய்வார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நுரையீரல் கெட்டுச் செத்த அன்று குளிப்பாட்டின தண்ணீர்கூட மஞ்சளாகத்தான் ஓடியது. இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் இருந்த நீ வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்தத் தண்ணீரையாவது நீ மறந்திருக்கமாட்டாய் என்று நினைத்திருந்தேன்.

உனக்குத் தெரிந்த இடம்தான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக்கு வியாபாரம் பண்ண வந்த வெள்ளைக்காரர்கள் கட்டின சிற்றாலயம் அது. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு சின்ன மணி. அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம். முன்னால் வெள்ளைக்காரர்கள், எழுத்துத் தேய்ந்த பெரிய பெரிய கற்கள். அடுத்து ஊரில் பெரிய குடும்பத்தார், தேவதூதர் சிலை, பளிங்கு எல்லாம் வைத்து. அதற்கப்புறம் மார் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்துச் சரிகிற நிலத்தில் நாம். மழைக்காலத்தில் குழி தோண்டினால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். நமக்கு முன்பக்கத்துக் கேட் கிடையாது. ஐஸ் கம்பெனிச் சந்தில் புகுந்து பின்பக்கமாகத்தான் போக வேண்டும். பிணத்தை வைத்துத் தூக்குகிற தூம்பாகூட அவர்களுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருத்தன் வந்து, என் கொள்ளுத்தாத்தா இங்கே புதைந்திருக்கிறார் என்று சொன்னால் கோயில் கமிட்டியார் ஓடி ஓடித் தேடிக் காட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். உன் தாத்தா எந்த மேட்டில் இருக்கிறார் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆற்றுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்றைக்கு நான் சந்துக்குத் திரும்புவதற்குள் கமிட்டிச் செயலாளர் ரோட்டிலேயே மறித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னை ஏறிட்டுப் பார்க்காத மனுஷன். "வாங்கம்மா, வாங்க வாங்க. நீங்க எதுக்கு அந்தப் பக்கம் போறீங்க? இப்படியே வாங்க" என்று முன்பக்கத்துக் கேட்டைத் திறந்து அழைத்துக்கொண்டு போனார். பெரிய குடும்பத்துக் கல்லறைகளுக்கு நடுவில், துடைத்த கண்ணாடியாகப் பளபளத்துக்கொண்டிருந்தது உன் கிரானைட். உன் அப்பா பெயர், பிறப்பு, இறப்பு. கீழே என் பெயர், பிறந்த தேதி, பக்கத்தில் ஒரு கோடு. அதற்கப்புறம் காலியாக விட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவள் தன் பெயரைக் கல்லறையில் படிப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. செயலாளருக்கோ வாயெல்லாம் பல். "உங்க பையன் சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொன்னாரும்மா. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா போதும், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள ஐயாவை எடுத்துகினு வந்து இங்க வெச்சிடலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனிமே எவனும் மனு கினு எழுத முடியாது பாருங்க. பேரே முன்னாடி இருக்குதே" என்றார். என்னிடமே சொல்கிறார். எனக்குப் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும், அல்லது புரிந்தாலும் சந்தோஷப்படுவேன் என்று.

அந்த மனு உனக்குத் தெரியும். சுவரை எடுக்கச் சொல்லி நம் தெருப் பிள்ளைகள் இந்த வருஷம் ஆயருக்கும் கலெக்டருக்கும் எழுதினார்கள். மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். விசாரணைக்கு ஆள் வரப்போகிறது. வந்தால் காட்டுவதற்குக் கமிட்டிக்கு நம் ஆட்களின் கல்லறை ஒன்று முன்பக்கத்தில் தேவைப்படுகிறது. இங்கே யாரையும் பிரித்து வைக்கவில்லை, பாருங்கள், அந்தத் தெரு மனுஷர், சாயக் கம்பெனிக் கூலியாள், எவ்வளவு ஜோராகப் படுத்திருக்கிறார் என்று சொல்வார்கள். சுவர் அப்படியே நிற்கும். அதற்குச் சாட்சியாக உன் அப்பாவின் எலும்பைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறாய். தானே புயலில் கோயில் ஓடெல்லாம் பறந்துபோனபோது நீ நன்கொடை கொடுத்தாய் என்று கேள்விப்பட்டுப் பெருமைப்பட்டேன். நம் பிள்ளை கோயிலுக்குச் செய்திருக்கிறான் என்று கீரப்பாளையம் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதற்குக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாமல் போனது.

சுனாமி வந்த வருஷத்தை யோசித்துப் பார். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். ஆற்றுத் தண்ணீர் ஏறி இறங்கினதில் அந்தச் சுவர் பாதி சாய்ந்துவிட்டது. பிணம் வந்துகொண்டே இருந்தது. முன்பக்கமா, பின்பக்கமா, யார் வீட்டுத் தூம்பா என்று அந்த வாரம் ஒருத்தரும் கேட்கவில்லை. உன் அப்பா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய குடும்பத்தாருக்கும் சேர்த்துத்தான் குழி வெட்டினார். அந்த வீட்டு ஆண்கள் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். செத்தவர்கள் போனார்கள், சுவராவது போய்த் தொலைந்ததே என்று நாங்கள் முட்டாள்தனமாக நினைத்தோம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வருவதற்குள் செங்கல் வந்து இறங்கிவிட்டது. முன்னைவிட ஒரு வரிசை உயர்த்தியே கட்டுவதாக முடிவு செய்திருந்தார்கள்.

உன் அப்பா கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினார். நாற்காலி கொடுக்கவில்லை, நின்றுகொண்டே பேசினாராம். அப்போதுதான் அவர்கள் அதைச் சொன்னார்கள். "உங்க வீட்டுக்காரம்மா கவர்மெண்ட்டு நர்ஸு. பையன் நல்லா படிக்கிறான். உங்க குடும்பத்துக்கு மட்டும் முன்பக்கம் ஒரு எடம் ஒதுக்கிடறோம். மத்தவங்கள கௌப்பி வுடாதீங்க." உன் அப்பா சொன்ன பதில் நம் தெருவில் இன்றைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். "எங்க தெருத் தூம்பா எந்தக் கேட்டுல வருதோ அந்தக் கேட்டுலதான் நானும் வருவேன். தொறந்தா எல்லாருக்கும் தொறங்க." வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "ஏன்ப்பா வேணாம்னு சொன்ன? குடுக்கறத வாங்கிக்கலாம் இல்ல?" என்று கேட்டாய். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "நான் மட்டும் அந்தப் பக்கம் போயி யாருகூடடா பேசிகினு இருப்பேன்?" என்றார். நீயும் சிரித்தாய். சின்னப் பிள்ளை கேட்ட கேள்வி என்று அதை அப்போதே விட்டுவிட்டேன். நீ விடவில்லை போலிருக்கிறது. அவர் சாகிற வரைக்கும் பொறுத்திருந்து, அதற்கப்புறமும் சில வருஷம் பொறுத்திருந்து, அவர் வேண்டாம் என்று தள்ளினதை அவருக்கே வாங்கி வைத்திருக்கிறாய். இப்போது அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது பார்.

போனில் நீ பேசினதை எழுதி வைக்கிறேன், நான் கூட்டிக் குறைத்துச் சொல்கிறேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. "அப்பா தோத்துட்டாரும்மா. அவரு சண்ட போட்டுக் கெடைக்காதது எனக்குக் கேக்காமலே கெடச்சிருக்குது. சந்தோஷப்படேன்" என்றாய். உங்கப்பா கேட்டது உனக்குக் கிடைக்கவில்லையேடா, அவர் கேட்டது வழி, நீ வாங்கினது இடம் என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் கல்லறைக்கு வருவாங்க. ஆபீஸ்ல இருந்தும் வருவாங்க. அவுங்கள அந்தச் சேத்துல கொண்டுபோயி நிறுத்தச் சொல்றியா?" என்றாய். உங்கப்பா அந்தச் சேத்துலதான்டா படுத்துகினு இருக்காரு என்றேன். அதற்குத்தான் மீட்டிங் வந்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு உனக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையைப் பெரியவர்கள் கல்லறையில் வைத்து, இரண்டு வீட்டாரும் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பத்திரிகை கொடுக்கிறது நம் வழக்கம். நீ கட்டப்போகிற பெண்ணின் குடும்பத்துக்கும் அதே கல்லறைத் தோட்டம்தான். அவர்களுக்கு மூன்று தலைமுறையாக முன்பக்கம். உங்கள் இருவருக்கும் விருப்பம் என்று நீ வந்து சொன்னபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் வீட்டில் பேசி முடிக்க ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் அவள் அப்பா என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். டம்ளரை வைத்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்ததையும் பார்த்தேன், பார்க்காதது மாதிரி இருந்தேன். எனக்கு அது பழக்கம். வேலை பார்த்த ஊர்களில் எத்தனையோ வீட்டில் பிள்ளையை வெளியே எடுக்க என் கை வேண்டும், அதே கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றுவதற்குத் தனிச் சொம்பு இருக்கும். அதையெல்லாம் உன்னிடம் சொன்னதே இல்லை. படிக்கிற பிள்ளை, மனசு உடைந்துவிடக் கூடாது என்று சிதம்பரத்தில் வாடகை வீடு பிடித்துப் பழைய கடலூர்த் தெருவிலிருந்து தள்ளியே வளர்த்தேன். தள்ளி வளர்ந்த பிள்ளை தள்ளித்தான் நிற்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. மாசம் தவறாமல் மருந்துக்கு அனுப்புகிறாய், கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தாய். அதெல்லாம் மறக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு இது செய்தேன், அது செய்தேன் என்கிறவன் அப்பாவைக் கேட்காமல் அவர் படுக்கையை மாற்றக் கூடாது. கல்யாணம் கட்டிக்கொண்டு நன்றாக இரு. பெண்டாட்டியிடம் சம்பளத்தை மறைக்காதே, கடனை மறைக்காதே, அதைவிட முக்கியம், எங்கிருந்து வந்தாய் என்பதை மறைக்காதே. ஒன்றை மறைத்தால் அதைக் காப்பாற்றவே ஆயுசு போய்விடும். வீட்டுக்கு யார் வந்தாலும் பயம், போன் வந்தாலும் பயம், பிள்ளை பிறந்து அது கேள்வி கேட்கிற வயசு வந்தால் அதைப் பார்த்தும் பயம். பிரசவ வார்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடும்பங்களைப் பார்த்தவள் சொல்கிறேன், பயந்த வீட்டில் சோறு ஒட்டாது.

என்னைப் பொறுத்தவரை முடிவு இதுதான். நான் செத்தால் ஐஸ் கம்பெனிச் சந்து வழியாக, நம் தெருத் தூம்பாவில், உன் அப்பா குழியைத் திறந்து அதிலேயே வைக்க வேண்டும். தெருப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன், பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். செயலாளர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றே, என் வீட்டுக்காரர் இருக்கிற இடத்தை ஒருத்தரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆளுக்கு முகம் சுண்டிப்போனது. "உங்க பையன் கோச்சிப்பாரேம்மா" என்றார். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன்.

போனில் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லக் கூடாது என்று ஒருத்தி கேட்டுக்கொண்டாள், நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன். இன்றைக்கு அந்த வாக்கை மீறுகிறேன். செயலாளர் போன பிறகு நான் அந்தக் கிரானைட்டுக்கு முன்னால் தனியாக நிற்கவில்லை. அவள் வந்தாள், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். தன் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூ வைக்க வந்தவள், மிச்சப் பூவை எடுத்துக்கொண்டு நேராக அங்கே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "மாமாவுக்குத்தான் அத்தை" என்று சொல்லி, புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டு, மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். உன் அப்பா அங்கேதான் இருக்கிறார், பழைய கல்லறைக்குக் கிரானைட் மட்டும் புதுசாகப் போட்டோம் என்று நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். காலிக் குழிக்கு முன்னால் ஒரு பிள்ளை உண்மையாக ஜெபம் சொல்கிறது. அதை நின்று வேடிக்கை பார்க்க என்னால் முடியவில்லை. தோளைத் தொட்டு, "அங்க யாரும் இல்லம்மா" என்றேன்.

எழுந்தாள். என் கூடவே ரோட்டுக்கு வந்து, ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் நடந்தாள். முந்தின நாள் மழையில் சேறு கணுக்கால் வரைக்கும் ஏறியது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். உன் அப்பா மேட்டுக்கு முன்னால் போய் நின்றோம். சிமெண்ட் சிலுவை, அதில் ஆணியால் கீறின பெயர். நம் மேடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "நான் பொறந்ததுல இருந்து இந்தக் கோயிலுக்கு வரேன் அத்தை. இந்தப் பக்கம் குப்ப கொட்டற எடம்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். கொட்டாங்குச்சிக்குள் மெழுகுவத்தியை வைத்து அவள் கையில் கொடுத்தேன், ஏற்றினாள். திரும்பி வரும்போது சந்து முனையில் நின்று, "அவருகிட்ட நீங்க எதுவும் சொல்லாதீங்க அத்தை. அவரே எங்கிட்ட சொல்றாரான்னு பாக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் எனக்குப் போன் பண்ணுகிறாள். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்பாள், என்ன சமைத்தேன் என்று கேட்பாள். வைப்பதற்கு முன்னால் அந்த ஒன்றையும் சொல்வாள். நேற்றும் சொன்னாள்.

"இன்னைக்கும் சொல்லல அத்தை."

அம்மா